விடிவதற்குள் செருப்பை எண்ணிவிடுவார் அம்மா

நாங்கள் திருநங்கைகள். எங்கள் அம்மா, அதாவது என் குரு, எங்களில் யாரையும் 'எங்கே போயிட்டு வரே' என்று கேட்டதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வாசல் விளக்கைப் போடுவார். நிலைப்படியோரம் கிடக்கும் செருப்புகளை எண்ணுவார். பதினொரு ஜோடி இருக்க வேண்டும். இருந்தால் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போடுவார். குறைந்தால் பீரோவைத் திறந்து பணத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எந்த ஸ்டேஷன் என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவார். ஸ்டேஷனில் இல்லையென்றால் ஜி.எச். அங்கேயும் இல்லாவிட்டால் எங்கே போய்த் தேடுவார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் அந்த வீட்டுக்கு வந்தது 1992-ல். வயது இருபது. ஊர் பண்ருட்டிப் பக்கம். வீடு வியாசர்பாடிப் பக்கம் ஒரு சந்து. அதே சந்தில் அடுத்த வீட்டுக்காரர் கொடுத்த வாடகையைப் போல இரண்டு மடங்கு நாங்கள் கொடுத்தோம். குழாயில் எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் எங்கள் குடம்.

இப்போது என்னோடு இருக்கும் பிள்ளைகள் சில நேரம் கேட்பார்கள், "அந்தக் காலத்து நைட் லைஃப் எப்படிம்மா இருக்கும்?" சிரிப்புதான் வரும். பகல் பதினொரு மணிக்குப் பால் வாங்கப் போவதைவிட ராத்திரி பதினொரு மணிக்கு சென்ட்ரல் பக்கம் போவது எங்களுக்குச் சுலபம். பகலில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் 'ஒம்போது' என்று கத்திக்கொண்டு பின்னாலேயே வரும், கல் விழும். டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் தரமாட்டான், அலுமினியத் தம்ளர் ஒன்று தனியாகத் தொங்கும். பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தால் அவர்கள் எழுந்துகொள்வார்கள், ஆண்கள் பக்கம் உட்கார்ந்தால் அவர்கள் எழுந்துகொள்ள மாட்டார்கள், அது அதைவிட மோசம். அதனால் கோயில், சினிமா, கடற்கரை, சம்பாத்தியம், சண்டை, சமாதானம் என்று எல்லாமே இருட்டிய பிறகு.

ராத்திரிக்கான வேலை பகல் இரண்டு மணிக்கே ஆரம்பித்துவிடும். முகத்து முடியை நாங்கள் சவரம் செய்யமாட்டோம். செய்தால் பச்சை பாய்ந்து தெரியும், கட்டையாக வளரும் என்பது அம்மாவின் கணக்கு. சிம்டா என்று ஒரு சின்ன இடுக்கி. மொட்டைமாடியில் வெளிச்சத்துக்கு எதிரே உட்காரவைத்து, கன்னத்தில் விபூதியையோ பவுடரையோ தேய்த்து, ஒவ்வொன்றாகப் பிடுங்குவார் அம்மா. மேலுதடுதான் உயிர் போகும். கண்ணில் நீர் தானாக வழியும். வழிந்தால், "அழுதா நனைஞ்சு வழுக்குதுடி, துடைச்சிட்டு வா" என்பார். ஒரு கன்னம் முடிய ஒரு மணி நேரம். முதல் மாதம் என் முகம் அம்மை போட்ட மாதிரி வீங்கிக் கிடந்தது. ஒருத்தியுடைய சிம்டாவை இன்னொருத்தி எடுக்கக்கூடாது, எடுத்தால் கொதிக்கிற தண்ணீரில் போட்ட பிறகுதான் தொடலாம் என்று அம்மா சட்டம் வைத்திருந்தார். அழுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றுதான் அவர் சொன்ன காரணம். சில வருஷம் கழித்து எய்ட்ஸ் பற்றிச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் எங்கள் பெரியவர்களின் சபையான ஜமாத் கூடியது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பணம். இன்னாருக்கு இன்னார் சேலா, அதாவது சிஷ்யை, என்று பெரியவர்கள் முன்னால் சொல்லிக் கை தட்டினார்கள். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் காலைத் தொட்டு "பாம்படுத்தி" என்று சொல்ல வேண்டும், அவர்கள் "ஜியோ" என்று வாழ்த்துவார்கள். குருவின் குரு எனக்கு நானி. என் குருவின் மற்ற சேலாக்கள் எனக்கு குருபாய். எனக்கு விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. பம்பாய் போனபோதுதான் அதன் பயன் புரிந்தது. பாஷை தெரியாத ஊரில், ஸ்டேஷனில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் ஆளிடம் என் குரு பேரையும் நானி பேரையும் சொன்னேன். அன்றிரவு எனக்குச் சோறும் பாயும் கிடைத்தது.

வெளியே போகிற ராத்திரிகளில் எங்களுக்குப் பெரிய தலைவலி பைதான். சந்திலிருந்து சேலையோடு கிளம்பினால் தெருமுனையிலேயே தகராறு. அதனால் கடா, அதாவது ஆம்பளை உடையில், லுங்கி சட்டையில் கிளம்புவோம். சேலை, ஜாக்கெட், சவுரி, வளையல் எல்லாம் மஞ்சள் பையில். எங்கே மாற்றுவது? ஸ்டேஷன் கழிவறை ஆபத்து. ஒரே வாசல், உள்ளே மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். ஓடுகிற எலெக்ட்ரிக் டிரெயினில், காலிப் பெட்டியில், இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் சேலை கட்டக் கற்றுக்கொண்டேன். நாலு நிமிஷம். முதலில் லுங்கியை அவிழ்க்காமல் மேலேயே பாவாடை, அப்புறம் லுங்கியைக் கீழே நழுவவிடுவது, சட்டைக்குள்ளேயே ஜாக்கெட் போட்டு வந்திருந்தால் இன்னும் வசதி. மடிப்பை முன்கூட்டியே எடுத்து ஊக்கு குத்தி வைத்துவிட வேண்டும். ஓடுகிற வண்டியில் மடிப்பு எடுக்க முயன்றவள் விழுந்து முட்டி பெயர்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மாற்றிய லுங்கி சட்டை எங்கே போகும்? ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். ஒருநாள் நான் கேட்காமலேயே, "பையக் கூடைக்கடியில வெச்சிட்டுப் போ, காலையில எடுத்துக்க" என்றார். கைமாறாகத் தினமும் அவரிடம் இரண்டு முழம் மல்லி வாங்குவேன். விலை பேசமாட்டேன். ஆறு வருஷத்தில் என் பெயரை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். புது ஊருக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் ஒரு பூக்காரம்மாவைப் பிடி. பூக்காரம்மா கிடைக்காவிட்டால் டீ மாஸ்டர், செருப்புத் தைக்கிறவர், ராத்திரி வாட்ச்மேன், யாரானாலும் சரி. அந்த இடத்தில் தினமும் உட்கார்ந்திருக்கிற, உன்னைத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

செகண்ட் ஷோ எங்களுக்குத் திருவிழா. வாரத்தில் ஒருநாள், நாலைந்து பேராக. படம் ஆரம்பித்து எழுத்து ஓடும்போது இருட்டில் உள்ளே போவோம், கடைசிச் சண்டை முடிவதற்குள் எழுந்து வந்துவிடுவோம். எத்தனையோ படங்களின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. கஷ்டம் இடைவேளைதான். விளக்கு எரிந்ததும் முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். ஒருத்தரும் எழுந்திருக்கக்கூடாது, பாத்ரூமுக்கும் போகக்கூடாது என்பது அம்மா கட்டளை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மடியில் வைத்திருக்கும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். எங்களில் ஒரு அக்கா, அந்தப் பத்து நிமிஷமும் முன்வரிசைக்காரர்களைப் பற்றி எங்கள் பாஷையில் கமெண்ட் அடிப்பாள். யாருக்கும் புரியாது. நாங்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் கடலைத்தோலை விழுங்கியிருக்கிறோம். அந்த பாஷையில் போலீஸுக்கு ஒரு வார்த்தை, பணத்துக்கு ஒரு வார்த்தை, 'இவன் சரியில்லை, கிளம்பு' என்பதற்கு ஒரு வார்த்தை. அதையெல்லாம் இங்கே எழுதமாட்டேன்.

சம்பாத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. பகலில் கடை கேட்பது, அதாவது கடைகடையாகக் காசு கேட்பது, ராத்திரியில் தந்தா, அதாவது பாலியல் தொழில். வேறு வேலை தருவதற்கு ஆளில்லை. ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனேன், மூன்றாம் நாள் 'கஸ்டமருக்குப் பிடிக்கல' என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா தந்தாவுக்குப் போ என்று சொன்னதுமில்லை, போகாதே என்று சொன்னதுமில்லை. போகிறவளுக்கு விதிகள் மட்டும் வைத்திருந்தார். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் வண்டியில் ஏறாதே. ஆட்டோவில் ஏறும்போது நம்பரைச் சத்தமாகச் சொல்லு, பக்கத்தில் நிற்பவள் திருப்பிச் சொல்லட்டும். அது அவள் ஞாபகம் வைத்துக்கொள்வதற்காக இல்லை, ஆட்டோக்காரன் கேட்பதற்காக. யார் வாங்கிக் கொடுத்தாலும் மூடி திறந்த பாட்டிலைத் தொடாதே. குடித்திருந்தால் வேலைக்குப் போகாதே, வேலை முடிந்து வீட்டில் வந்து குடி.

பணத்தை மூன்றாகப் பிரித்து வைப்போம். பர்ஸில் இருபது ரூபாய், அது பறிகொடுப்பதற்காகவே இருப்பது. திருடனும் வெறுங்கையோடு போனால்தான் அடிப்பான். ஜாக்கெட்டுக்குள் கொஞ்சம், அது போலீஸுக்கு. மிச்சம் சவுரிக்குள் சுருட்டி வைத்துப் பின்னியிருக்கும். பிற்பாடு நான் தையல் கற்றுக்கொண்டபோது, பாவாடையில் நாடா ஓடும் பட்டிக்கு உள்பக்கமாக, இடது இடுப்பில், மூடி வைத்த சின்னப் பை ஒன்று தைக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து வலதுகையால் உருவ வருகிறவன் கைக்கு இடது இடுப்பு சுலபமாக எட்டாது. அந்தப் பாவாடை எங்கள் ஆட்களிடம் நன்றாக விற்றது.

போலீஸ். சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு எங்களுக்கு அப்பா பெயர் மாதிரி மனப்பாடம். பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டது என்று எழுதிவிடுவார்கள். கேஸ் எண்ணிக்கை குறைகிற மாதக் கடைசியில் நின்றாலும் குற்றம், நடந்தாலும் குற்றம். 1994 தொடக்கத்தில் ஒரு ராத்திரி, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த எங்கள் நாலு பேரை ஜீப்பில் ஏற்றினார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. ராத்திரி முழுக்க ஸ்டேஷனைக் கூட்டிக் கழுவவைத்தார்கள். அது பழகியதுதான். இரண்டு மணிவாக்கில் ஒருவர் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். என் முடி அப்போதுதான் சவுரி வைக்காமல் பின்னும் அளவுக்கு வளர்ந்திருந்தது, ஒண்ணரை வருஷத்து முடி. காதுக்கு மேலே ஒரே வெட்டு. வெட்டியதைக் கூட்டிப் பெருக்கவும் என்னையே சொன்னார்கள். அடித்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. துடைப்பத்தில் அந்த முடி சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆறு மணிக்கெல்லாம் அம்மா வந்துவிட்டார். கையில் நாலு இட்லிப் பொட்டலம், நாலு முக்காடுத் துணி. முக்காடு எதற்கு என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவே வேண்டாம், அவருக்கும் ஒருகாலத்தில் நடந்திருக்கிறது. கோர்ட்டில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் அபராதம். வெளியே வந்ததும், "ரசீதை வாங்கு" என்றார். எதற்கம்மா என்றேன். "காசு குடுத்தா ரசீது வாங்கணும்" என்றார், பால்காரனிடம் வாங்குவதைச் சொல்வதுபோல. ரசீதில் என் அப்பா வைத்த பெயர், இன்னார் மகன், வயது, வியாசர்பாடி வீட்டு முகவரி. அதை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தேன். அடுத்த நாலு வருஷத்தில் அந்த டப்பாவில் ஒன்பது ரசீது சேர்ந்தது.

பிடிபட்டால் என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. சேலையில் ஓடமுடியாது, ஓடினால் துரத்துவார்கள், துரத்தினால் அடிப்பார்கள், அதனால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடு என்பது அம்மா கட்சி. ஓடிவிடு என்பது என் குருபாய் ஒருத்தியின் கட்சி. அவள் கடைசிவரை பிடிபட்டதே இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் அவள் ராத்திரியில் எப்போதும் வார் வைத்த செருப்புதான் போடுவாள். ஹீல்ஸ் போட்டு நான் பார்த்ததில்லை.

சித்திரை வந்தால் கூவாகம். எழும்பூரிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் விழுப்புரம், அங்கே இரண்டு மூன்று நாள் லாட்ஜ், அப்புறம் பஸ்ஸோ வேனோ பிடித்து கூத்தாண்டவர் கோயில். அந்த வாரம் மட்டும் விழுப்புரத்தில் லாட்ஜ் வாடகை எங்களுக்கென்று தனியாக ஏறும், ஒரே அறையில் பத்துப் பேர் படுப்போம். ஆனாலும் வருஷத்தில் அந்த நாட்களில்தான் பட்டப்பகலில், கடைத்தெருவில், சேலையோடு நடந்திருக்கிறேன். பம்பாய்க்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், ஆந்திராக்காரர்கள், எட்டு வருஷம் முன்னால் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள், செத்துவிட்டாள் என்று நாம் நினைத்தவள், எல்லாரையும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாம். டெலிபோன் இல்லாத எங்களுக்கு அதுதான் வருஷாந்திரத் தபால். யார் இருக்கிறார், யார் இல்லை, யாருக்கு ஆபரேஷன் ஆனது, எந்த டாக்டர் நம்பகமானவர், எந்த ஊர் போலீஸ் இப்போது கெடுபிடி என்று ராத்திரி முழுக்கப் பேச்சு.

அரவானுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொள்ளும் ராத்திரியைப் பற்றிப் பலரும் அழகாக எழுதிவிட்டார்கள். பூசாரி கையால் மஞ்சள் கயிறு, கும்மி, கற்பூரம், பௌர்ணமி நிலா. எல்லாம் உண்மைதான். கோயிலிலிருந்து நூறு அடி தள்ளி, வயல்வரப்பில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து எழுதலாம். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வேடிக்கை பார்க்க வருகிற ஆண்கள் ஆயிரக்கணக்கில். குடித்துவிட்டுக் கும்பல் கும்பலாகச் சுற்றுவார்கள். நகையைப் பிடுங்குவது, இழுத்துக்கொண்டு போவது, கேட்டால் 'இதுக்குத்தானே வந்தே' என்பது. நாங்கள் கவரிங் தவிர வேறெதுவும் போடமாட்டோம். ஆளுக்கொரு டார்ச். வரப்புப் பக்கம் மூன்று பேருக்குக் குறையாமல். யாராவது தொலைந்தால் சந்திக்கும் இடம் வேன் இல்லை, வேன் நகர்ந்துவிடும். வளையல் கடைகளில் ஒன்றைப் போனதும் பேசி வைத்துக்கொள்வோம்.

மறுநாள் தேர், அரவான் பலியாகும் இடமான அழிகளத்துக்குப் போனதும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை. முதல் வருஷம் எல்லாரும் ஒப்பாரி வைக்கிறார்களே என்று நானும் அழுவதுபோல் ஆரம்பித்தேன். அரவானுக்காக அழுகிற அழுகையில் எங்கேயோ என் ஊர் வந்துவிட்டது. பண்ருட்டியில் எங்கள் வீட்டுப் பின்னால் நின்ற பலாமரம், பெற்ற அம்மா, தங்கச்சி. பக்கத்தில் இருந்தவள் உலுக்கித்தான் எழுப்பினாள். விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. போகவில்லை. அப்பா இறந்த சேதி எனக்கு அந்த விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில்தான், நடந்து ஏழு மாதம் கழித்து, ஊர்க்காரர் ஒருவர் மூலம் கிடைத்தது.

குரு வீடு சொர்க்கம் என்று இன்றைக்குச் சிலர் பேசுகிறார்கள். அப்படியில்லை. சம்பாதித்ததில் பாதி அம்மாவுக்கு. தப்புச் செய்தால் ஜமாத்தில் தண்டு, அதாவது அபராதம், கட்டவேண்டும், கட்டாதவளோடு யாரும் பேசக்கூடாது. வேறு வீட்டுக்குப் போனால் பெரிய தொகை. 1996-ல் நான் தையல் படிக்கப் போகிறேன் என்றபோது, "எவடி உன்கிட்ட ஜாக்கெட்டுத் தெக்கக் குடுப்பா?" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் இன்னும் கோபம் உண்டு. அவர் சொன்னதில் பாதி சரி, வெளியாட்கள் யாரும் கொடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் கொடுத்தார்கள். சாதாரண தையற்காரர் எங்களுக்கு அளவெடுக்கத் தொடமாட்டார், அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைத்தாலும் தோள் பிடிக்கும், கை தூக்கினால் அக்குள் கிழியும். நான் தோளை ஓரங்குலம் கூட்டி, கைக்குழியை ஆழமாக வெட்டி, முன்பக்கம் டக் பிடித்து உள்ளே பஞ்சு வைக்கத் துணி விட்டுத் தைத்தேன். முதல் தீபாவளிக்கு முப்பத்தாறு ஜாக்கெட். அம்மா தன்னுடையதற்கும் கூலி கொடுத்தார், பேரம் பேசிவிட்டுத்தான்.

எய்ட்ஸ் வந்த வருஷங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். இந்தியாவில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல் சென்னையில்தான், ஆனால் எங்களிடம் யாரும் வந்து சொன்னது பத்து வருஷம் கழித்து. 1998-ல் சகோதரன் போன்ற அமைப்புகள் ஆரம்பித்த பிறகு எங்கள் ஆட்களே பையில் ஆணுறை எடுத்துக்கொண்டு ராத்திரியில் வர ஆரம்பித்தார்கள். பையில் ஆணுறை இருந்தால் அதையே சாட்சியாக வைத்து போலீஸ் கேஸ் எழுதியதும் உண்டு. பதினொரு ஜோடியில் மூன்று ஜோடி அந்த நாலைந்து வருஷத்தில் குறைந்தது. ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்று முடிவு செய்யாமல் வராந்தாவிலேயே இரண்டு நாள் போட்டு வைத்திருந்தார்கள். அவள் இறந்ததும், பதினைந்து வருஷமாக எட்டிப் பார்க்காத வீட்டார் வந்தார்கள். முடியை வெட்டி, வேட்டி கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களைத் தெருமுனையில் நிற்கச் சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி அம்மா எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து, எனக்கு என்ன ஆனாலும் பச்சைப் பட்டுச் சேலைதான் என்று சொல்லி, அதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதவைத்து, கீழே கைநாட்டு வைத்தார். அது கோர்ட்டில் செல்லாது என்று அவருக்கும் தெரியும்.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. வீட்டை விட்டு வந்த ராத்திரியில் இரண்டு சேலையும் கொலுசும் எடுத்தேன், பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டை எடுக்கவில்லை. அந்தக் காகிதம் எதற்கு என்று அப்போது நினைத்தேன். 2008-ல் அரசு நல வாரியம் அமைத்தது, ரேஷன் கார்டு தருகிறோம் என்றது. அதற்குள் எங்களை அலி என்றது போய், அரவாணி என்றது போய், திருநங்கை என்ற பெயரும் வந்திருந்தது. எல்லாரும் சந்தோஷமாக வரிசையில் நின்றோம். முகவரிக்கு என்ன சான்று இருக்கிறது என்றார் எழுத்தர். வாடகை ஒப்பந்தம் கிடையாது, கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். பதினாறு வருஷம் ஒரே ஊரில் இருந்தும் என் பெயரும் முகவரியும் சேர்ந்து அச்சடித்த காகிதம் என்னிடம் ஒன்றே வகைதான் இருந்தது. தகர டப்பாவைத் திறந்து ஒன்பது அபராத ரசீதுகளையும் மேஜையில் பரப்பினேன். அந்த எழுத்தர் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது செல்லாதும்மா" என்றார். அந்த 'ம்மா' எனக்குப் போதுமாயிருந்தது என்று எழுதினால் பொய். கார்டுக்காக இன்னும் எட்டு மாதம் அலைந்தேன். மார்க்ஷீட் நகல் வாங்க ஊர்ப் பள்ளிக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தது தனிக் கதை. அப்போதுதான் தங்கச்சியைப் பார்த்தேன்.

அதனால் யாராவது வீட்டைவிட்டுக் கிளம்பப் போகிறேன் என்று என்னிடம் போனில் அழுதால், 'வா' என்றோ 'வராதே' என்றோ சொல்வதற்கு முன்னால் சர்டிஃபிகேட் எங்கே இருக்கிறது என்று கேட்பேன். மார்க்ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அப்புறம் அழு. கல்நெஞ்சுக்காரி என்று இதற்காக ஒருத்தி என்னைத் திட்டியிருக்கிறாள். இப்போது அவள் நர்சிங் முடித்துவிட்டாள்.

அம்மா இறந்து பல வருஷமாகிறது. பச்சைப் பட்டுதான் உடுத்தினோம், யாரும் வந்து தடுக்கவில்லை. இப்போது நான் நாலு பேருக்கு அம்மா. ஒருத்தி கம்பெனிக்குப் போகிறாள், நைட் ஷிப்ட், வேன் வந்து வாசலில் இறக்கிவிடுகிறது. மற்ற மூன்று பேரும் நண்பர்களோடு பீச்சுக்கும் படத்துக்கும் போகிறார்கள், இடைவேளையில் எழுந்து போய் பாப்கார்ன் வாங்குகிறார்கள். லொக்கேஷன் அனுப்பிவிட்டேன் தூங்குங்கம்மா என்கிறார்கள். போன மாதம்கூட ஒருத்தியை பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் பைக்கில் வந்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். லொக்கேஷன் அங்கேயே நின்றிருந்தது, நான்தான் ஆட்டோ பிடித்துப் போனேன்.

நாலு மணிக்கு எனக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. போன தீபாவளிக்குப் பிள்ளைகள் நாலு பேரும் காசு போட்டு, கதவு வைத்த ஷூ ரேக் ஒன்று வாங்கி வாசலில் வைத்துவிட்டார்கள். செருப்பை வெளியே விடவே கூடாதாம், அசிங்கமாக இருக்கிறதாம். இப்போது எண்ணுவதற்கு அந்தக் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. கீல் கிரீச்சென்று கத்துகிறது. உள்ளேயிருந்து ஒருத்தி, "நாலும் இருக்கும்மா, போய்ப் படுங்க" என்று கத்துவாள். இருந்தாலும் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் டீ போடுவேன்.